அண்டை வீட்டுக் கதை, நம் வீட்டு மொழியில்

கொல்கத்தாவின் தென்பகுதியில், டாக்குரியாவிலும் அதனை அடுத்த லேக் கார்டன்ஸ், ஜோத்பூர் பார்க் முதலிய இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று எந்நூல்களைப் படித்து மகிழ்கின்றன, அம்மகிழ்ச்சி எத்தகையது, அதில் குறையுண்டாயின் அது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் பகுதியில் சில குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒன்றுகூடி, அவரவர் படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிக் கலந்து பேசுதல் வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வாறு பேசப்பட்ட நூல்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நம்மவர் கையில் மிகுதியாகச் சுழலும் தமிழ் நூல்களில் கணிசமானவை தமிழில் பிறந்தவை அல்ல. வங்கத்தில் பிறந்து தமிழுக்கு வந்தவை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று சிலர் கூறக்கூடும். வங்க நாவல் தமிழகத்திற்குப் புதிதன்று. சரத்சந்திரரின் கதைமாந்தரைத் தம் உற்றாரைப் போலப் பேசிக் கண்ணீர் விட்ட ஒரு தலைமுறையே அங்கு இருந்தது. த. நா. குமாரசுவாமி, அவர் இளவல் த. நா. சேனாபதி, அ. கி. ஜயராமன், ஆர். சண்முகசுந்தரம் ஆகியோர் செய்த பணியால் தஞ்சையிலும் கோவையிலும் இருந்தவர் கூட வங்கத்துச் சிற்றூர்களை அறிந்திருந்தனர். 1953இல் திரைக்கு வந்த ‘தேவதாஸ்’ அப்பெயரைத் தமிழில் ஒரு பொதுச்சொல்லாகவே ஆக்கிவிட்டது. காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவன் எவனாயினும் அவன் தேவதாஸ் எனப்பட்டான்.

ஆயினும் தஞ்சையில் இருந்து வங்க நாவலைப் படிப்பதற்கும் டாக்குரியாவில் இருந்து படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அங்குள்ளார்க்கு அது தொலைதூரத்து நாட்டின் கதை. நமக்கோ அது மாடிப்படியில் நாள்தோறும் எதிர்ப்படுவோர் கதை. மொழிபெயர்ப்பாளர் விட்ட இடம் எது, கூட்டிய இடம் எது, மூலத்தின் மணம் எங்கே தங்கியது, எங்கே போயிற்று என்று சொல்லக்கூடிய வாய்ப்பு நமக்கு இயல்பாகவே அமைந்துள்ளது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி ஐந்து நாவலாசிரியரைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

சரத்சந்திரர்: கண்ணீரும் மீனும்

முதலில் சரத்சந்திரர் (1876–1938). நம் நகரின் அசுவினி தத்தா சாலையில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் உள்ளது. லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்வோர் சிறிது நடந்தால் அதனைக் கண்டு வரலாம். நம்மைப் போன்ற அலுவலர்க்கு அவர்பால் தனிப்பட்ட உரிமை ஒன்றும் உண்டு. 1903இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி இரங்கூன் சென்ற அவர், அங்கே அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்து, 1916இல் அப்பணியை விட்டுத் திரும்பியவர். ஊரை விட்டுப் போய் அயல்மண்ணில் கோப்புகளுக்கிடையே இருந்து கொண்டு, விட்டு வந்த ஊரையே எண்ணியெண்ணி எழுதியவர் அவர். அவருடைய சிற்றூர்கள் அத்துணைத் தெளிவாக இருப்பதற்கு அத்தொலைவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

சரத்சந்திரரைத் தமிழில் படிக்கும்போது நாம் இழப்பது எது? நடையன்று, அவர் நடை எளியது, தமிழுக்கு எளிதில் வந்துவிடுகிறது. இழப்பது சோற்றுத் தட்டில் இருக்கிறது. அவர் கதைகளில் கைம்பெண்கள் பலர். ‘பல்லி சமாஜ்’ கதையின் ரமா கைம்பெண். ‘பொடோதிதி’ கதையின் மாதவி கைம்பெண். ‘கானல் நீர்’ (1961) என்னும் தமிழ்ப்படமாக வந்தது பின்னதன் கதையே. வங்கத்தில் கைம்மை என்பது முதலில் உணவின்மேல் விழும் தடையாகும். மீன் விலக்கு, வெங்காயம் விலக்கு, மசூர்ப் பருப்பும் விலக்கு, ஏகாதசியன்று தண்ணீரும் விலக்கு. அந்தணர் முதலாக எல்லாரும் மீன் உண்ணும் நாட்டில், எட்டு வயதுச் சிறுமிக்கு ஒரே நாளில் மீனை மறுத்துவிடுதல் எத்துணைக் கொடுமை என்பதை வங்க வாசகர்க்கு ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் மீன் இல்லை என்று எழுதினாலே போதும். அவர் நெஞ்சு துணுக்குறும்.

தமிழகத்தில் இந்நூல்களை முதலில் விரும்பிப் படித்த வீடுகள் பலவற்றில் மீன் நுழைவதேயில்லை. அவ்வீட்டார்க்கு அவ்வரி வெறும் செய்தியாகக் கடந்து போயிற்று. அதனால் அவர்கள் சரத்சந்திரரின் கண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். அக்கண்ணீருக்கு அடியில் இருந்த சினத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவரை ‘உருக்கமான எழுத்தாளர்’ என்று மட்டும் தமிழுலகம் நெடுங்காலம் போற்றி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கரியாஹாட் சந்தையின் மீன்கடைகளைத் தாண்டியே நாள்தோறும் நடமாடும் நமக்கு அச்சினம் எளிதில் விளங்குகிறது. இன்று மீண்டும் படிக்கும்போது அவருடைய தற்செயல் நிகழ்ச்சிகளும், நோயுற்றுக் கிடக்கும் காதலர்க்குச் செய்யும் பணிவிடைகளும் சற்றே சலிப்பூட்டுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுக்களையில் நடக்கும் அநீதியை எழுதியவர் என்ற முறையில் அவர் இன்னும் பழையவராகவில்லை.

விபூதிபூஷணர்: ஒரு தலைப்பும் ஓர் அலுவலனும்

அடுத்து விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் (1894–1950). வங்கத்தில் வகர ஒலி இன்மையால் அவர் இங்கே ‘பிபூதிபூஷண்’. தமிழில் வடமொழி வழியே எழுதப்படுவதால் ‘விபூதிபூஷண்’. 1929இல் நூலாக வந்த அவருடைய ‘பதேர் பாஞ்சாலி’யை ஆர். சண்முகசுந்தரம் தமிழாக்கினார். ‘நாகம்மாள்’ என்னும் நாவலால் கொங்கு நாட்டு உழவர் வாழ்வைத் தமிழில் நிலைநிறுத்திய அவர், சிற்றூர் வாழ்வின் இந்தப் பெருங்கதையைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தமானதே.

ஆனால் இத்தலைப்பு தமிழில் ஒரு மயக்கத்தை விளைவிக்கிறது. பாஞ்சாலி என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுபவள் துரௌபதி. பாரதியாரின் காவியத்தால் அப்பெயர் நம்மிடம் மேலும் உறுதிப்பட்டுவிட்டது. வங்கத்திலோ பாஞ்சாலி என்பது ஒருவகைக் கதைப்பாட்டு. வியாழக்கிழமை மாலைகளில் அண்டை வீடுகளில் இலக்குமி பூசையின்போது பெண்கள் ஒரு சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் பாடுவதைக் கேட்டிருப்போமே, அதுவே பாஞ்சாலி. ஆகவே ‘பதேர் பாஞ்சாலி’ என்றால் ‘வழியின் கதைப்பாட்டு’ என்பது பொருள். கதையில் துரௌபதி எங்கே வருகிறாள் என்று தமிழகத்து உறவினர் ஒருவர் வினவுவாராயின் அது அவர் பிழையன்று. மூலத்தின் ஒலியை அப்படியே காத்தலும் சில வேளைகளில் பொருளை மறைத்தலாக முடிகிறது என்பதற்கு இது நல்ல சான்று. இந்நாவலை 1955இல் சத்தியஜித் ராய் படமாக்கியபோது நிச்சிந்திபூர் ஆக்கப்பட்ட போரால் என்னும் ஊர், டாக்குரியாவிற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அன்று அது மூங்கிற்காடு. இன்று அடுக்குமாடி வீடுகள்.

இவ்வாசிரியரின் நூல்களில் நம் கூட்டத்தார் அண்மையில் மிகுதியாகப் பேசியது த. நா. சேனாபதி தமிழாக்கிய ‘வனவாசி’. வங்கத்தில் இதன் பெயர் ‘ஆரண்யக்’. நூலாக வந்த ஆண்டு 1939. வேலையற்றுத் திரிந்த சத்தியசரண் என்னும் பட்டதாரி கல்கத்தாவை விட்டு, பீகாரில் உள்ள ஒரு பெருங்காட்டுக்கு எஸ்டேட் மேலாளராகப் போகிறான். காட்டை நிலமாக்கிக் குத்தகைக்கு விடுவதே அவன் வேலை. முதலில் தனிமையால் வாடுகிறான். பின்னர்க் காடு அவனைத் தன்வயமாக்கிக் கொள்கிறது. காடெங்கும் அரிய பூச்செடிகளைத் தேடி நட்டுத் திரியும் யுகலப்பிரசாத், நடனத்திற்காகவே உயிர்வாழும் சிறுவன் தாதுரியா, அரசு போய்விட்ட சந்தாலி மன்னர் தோப்ரு பன்னா ஆகியோரை அவன் நேசிக்கிறான். ஆயினும் அவன் இடுகிற ஒவ்வொரு கையெழுத்தும் அவர்கள் வாழும் காட்டின் ஒரு பகுதியை அழிக்கிறது.

விபூதிபூஷணரே பாகல்பூர்ப் பகுதியில் இத்தகைய எஸ்டேட் பணியில் இருந்தவர். இயற்கை வருணனைக்காகவே இந்நூல் பலராலும் புகழப்படுகிறது. அப்புகழ் தகுந்ததே. ஆனால் இதன் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது என்று நாம் கருதுகிறோம். தீயவன் ஒருவனும் இல்லாத நாவல் இது. காட்டை அழிப்பவன் கோடரி தூக்கியவன் அல்லன். தன் கடமையை ஒழுங்காகச் செய்கிற, நல்ல நூல்கள் படித்த, இரக்கமுள்ள ஓர் அலுவலன். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை நிறைவேற்றிவிட்டு, மாலையில் நிலவைப் பார்த்து நெஞ்சுருகுகிறான். அலுவலகங்களில் வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இதைவிட நெருக்கமான நாவல் வேறொன்று இருத்தல் அரிது. கோப்பில் வெறும் எண்ணாகத் தோன்றுவது வெளியே ஒருவரின் வீடாக இருக்கிறது என்பதை இந்நூல் ஓசையின்றிக் காட்டுகிறது.

தாராசங்கரர்: நாடி பிடித்தவர்

தாராசங்கர் பந்தோபாத்யாயரின் (1898–1971) ‘ஆரோக்கிய நிகேதனம்’ 1953இல் வங்கத்தில் வெளிவந்து, 1956ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றது. த. நா. குமாரசுவாமியின் தமிழாக்கத்தை அக்காதெமியே வெளியிட்டது. ஜெயமோகன் ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ என்னும் நூலில் இந்திய நாவல்களைப் பற்றி எழுதியபோது இதனையும் எடுத்துக்கொண்டார். அதன் பின்னர் இளைய வாசகர் பலரும் இதனை நாடினர்.

ஜீவன் மசாய் பரம்பரைக் கவிராசர். நாடியைப் பிடித்துப் பார்த்தே மரணம் வரும் காலத்தைச் சொல்லக்கூடியவர். தம் ஒரே மகனின் நாடியிலும் அதனை உணர்ந்து, உணர்ந்ததை மறைக்காதவர். இறுதி நெருங்கிவிட்டது என்று நோயாளியிடமே சொல்லும் அவர் வழக்கம், ஊருக்குப் புதிதாக வந்த இளைய மருத்துவர் பிரத்யோத்துக்குப் பொறுக்க முடியாத கொடுமையாகப் படுகிறது. பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போராட்டம் என்று இந்நாவலைச் சுருக்கிக் கூறுவோர் உளர். அச்சுருக்கம் நூலுக்கு நீதி செய்யாது. தாராசங்கரர் எவர் பக்கமும் சாயவில்லை. புதிய மருந்துகள் உயிர்களைக் காக்கின்றன. அதனை ஜீவன் மசாயே வியந்து பாராட்டுகிறார். ஆனால் காக்க முடியாத உயிரிடம் என்ன சொல்வது என்னும் கேள்விக்குப் புதிய மருத்துவத்தில் விடையில்லை. மரணத்தைப் பிங்கல நிறக் கூந்தலுடைய, கண்ணும் செவியும் இல்லாத பெண்ணாகக் காணும் மரபில் வந்த அவர், இறுதியில் தம் நாடியைத் தாமே பிடித்துக்கொண்டு, அவள் வரும் வகையை அறிய விழிப்போடு காத்திருக்கிறார்.

இந்நூல் நம் கூட்டத்தில் பேசப்பட்ட மாலையில் எல்லாருடைய பேச்சும் நாவலை விட்டு ஒரே இடத்திற்குச் சென்றது. ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். 1977 முதல் ஓடும் கோரமண்டல் விரைவு வண்டியில் ஓர் இரவும் ஒரு பகலும் கழித்துத்தான் நம்மில் பலர் பெற்றோரின் இறுதிப் படுக்கையைச் சேர்ந்திருக்கிறோம். சிலர் சேரவும் இயலவில்லை. ‘உடனே வா’ என்று சொல்வதா, ‘ஒன்றுமில்லை, கவலைப்படாதே’ என்று சொல்வதா என்பதை ஊரில் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். புலம்பெயர்ந்தோர் வாழ்வில் உண்மையைச் சொல்லும் ஒரு ஜீவன் மசாய் எத்துணை வேண்டப்படுபவர் என்பதைத் தமிழகத்திலேயே இருப்பவர் இவ்வளவு கூர்மையாக உணர்தல் கடினம். நாடி, கவிராசர், கஷாயம், பத்தியம் எல்லாம் தமிழுக்கும் உரியவையாதலால் இம்மொழிபெயர்ப்பில் இழப்பு மிகக் குறைவு. வங்கத்திலிருந்து தமிழுக்கு வந்த நாவல்களில் தமிழ்மண்ணில் மிகச் செம்மையாக வேரூன்றியது இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம்.

அதீன் பந்தோபாத்யாயர்: நம் அயலார் யார்?

டாக்குரியா, ஜாதவ்பூர், அவற்றை ஒட்டிய குடியிருப்புகள் ஆகியவற்றில் வாழும் வங்கக் குடும்பங்களில் பல, 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னர்க் கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவை. நம் முன்னோர் வேலை தேடி வந்தனர். அவர்கள் உயிர் தேடி வந்தனர். இரு திறத்தாரும் ஒரே தெருவில் குடியேறினர். ஆயினும் அவர்கள் விட்டு வந்தது எது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அவர்களும் பெரும்பாலும் சொன்னதில்லை. முதியவர் ஒருவர் ‘எங்கள் தேசம்’ என்று கூறும்போது அவர் குறிப்பது இந்தியாவை அன்று, ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரை என்று மட்டும் அறிந்திருந்தோம்.

அந்தச் சிற்றூருக்கு நம்மை அழைத்துச் சென்ற நூல் அதீன் பந்தோபாத்யாயரின் (1934–2019) ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. 1971இல் வங்கத்தில் வெளிவந்தது. கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி இதனைத் தமிழாக்கினார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஆங்கிலப் பெண் பாலினை இழந்து சித்தம் கலங்கிய பெரியவர் மணீந்திரநாதர், பறந்துபோன நீலகண்டப் பறவைகளைக் கைதட்டி அழைத்துக்கொண்டே வயல்வெளிகளில் திரிகிறார். தர்பூசணிக் கொல்லைக்குக் காவலிருக்கும் ஈசம் ஷேக், பசியால் தாமரைக் குளத்தில் கிழங்கு தேடி மூழ்கும் ஜாலாலி, கைம்பெண் மாலதி, அவளுடைய இளமைத் தோழனாகிய சாமு ஆகியோரின் வாழ்வினூடே, சோனா என்னும் சிறுவன் வளர்கிறான். ஊர் மெல்ல மெல்ல இரண்டாகிறது. குடும்பம் புறப்படும் வேளையில், காணாமற்போன பெரியப்பா ஒருநாள் திரும்பி வந்தால் அறிந்துகொள்ளட்டும் என்று, தாங்கள் சென்ற இடத்தை மரப்பட்டையில் செதுக்கி வைக்கிறான் சோனா.

நீலகண்டம் என்பது நம் ஊர்ப் பனங்காடையே. துர்க்கா பூசையின் இறுதிநாளில் இப்பறவையைப் பறக்கவிட்டால், தேவி புறப்பட்டுவிட்டாள் என்னும் செய்தியை அது கயிலைக்குக் கொண்டு செல்லும் என்பது இந்நாட்டு நம்பிக்கை. மொழிபெயர்ப்பாளர் பனங்காடை என்று எழுதாமல் நீலகண்டம் என்றே நிறுத்தியது மிகச் சரியான முடிவு. பனங்காடை என்றால் பறவை வரும், கயிலை வாராது. விபூதிபூஷணர் நூலின் தலைப்பில் மூலச்சொல்லைக் காத்தது மயக்கத்தில் முடிந்தது. இங்கே காத்தது விளக்கத்தில் முடிகிறது. ஆகவே மூலச்சொல்லை எப்பொழுதும் காத்தல் வேண்டும் என்றோ, எப்பொழுதும் மாற்றல் வேண்டும் என்றோ விதி செய்தல் இயலாது. சொல் தோறும் தனியே ஆராய்ந்து தேர்வதே மொழிபெயர்ப்பு.

ஒன்று மட்டும் எவராலும் கொண்டுவர இயலாதது. இம்மாந்தரின் பேச்சு கிழக்கு வங்கத்துப் பேச்சு. அதனைக் கேட்டமாத்திரத்தில் நம் அயலாரின் முகம் மாறும். அதனைத் தமிழின் ஏதேனும் ஒரு வட்டார வழக்கில் பெயர்த்தால், ஈசம் ஷேக் பொருநைக் கரைக்குக் குடிபெயர்ந்துவிடுவார். பொதுநடையில் பெயர்த்தாலோ, அவர் எக்கரையிலும் இல்லாதவராவார். இவ்விழப்பை ஈடுசெய்ய ஒரு வழி நமக்கு மட்டும் உண்டு. நூலைத் தமிழில் படித்துவிட்டு, அயல்வீட்டு முதியவரிடம் சென்று அவ்வூரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்கலாம்.

உறவுப் பெயர்கள்: ஒரு சிக்கல்

எல்லா நூல்களுக்கும் பொதுவான ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். அது உறவுமுறைச் சொற்களைப் பற்றியது. வங்கத்தில் ‘தாதா’ என்பவர் அண்ணன். அதனை அப்படியே எழுதினால் தமிழ்ச் செவிக்குத் தாத்தா ஆகிவிடுகிறார். இது சிறு சிக்கல், பழகிவிட்டால் தீர்ந்துவிடும். பெரிய சிக்கல் ‘மாமா’ என்பதிலும் ‘பிசிமா’ என்பதிலும் உள்ளது. பிசிமா தந்தையின் உடன்பிறந்தாள். ஆகவே அத்தை என்று பெயர்ப்பது அகராதிப்படி சரி. ஆனால் தமிழில் அத்தை என்ற சொல்லுக்குள் முறைமாப்பிள்ளையும் முறைப்பெண்ணும் இருக்கின்றனர். வங்கத்தில் அத்தை மக்களும் மாமன் மக்களும் அண்ணன் தங்கையரே. அவர்களுக்குள் மணம் என்பது நினைக்கவும் ஒண்ணாதது. ‘பரிணீதா’வின் லலிதா மாமன் வீட்டில் வளர்பவள் என்று படித்தவுடன், தமிழ் வாசகர் மாமன் மகன் எவனும் உளனோ என்று தேடத் தொடங்கிவிடுவார். ஆசிரியர் எண்ணாத ஒரு கதை வாசகர் நெஞ்சில் தானே முளைத்துவிடுகிறது. முன்னுரையில் ஒரு பத்தி எழுதினாலே இது நீங்கும். பழைய பதிப்புகளை மீண்டும் அச்சிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

பெண்கள் படிக்கும் நூல்

நம் கூட்டத்தில் மகளிர் மிகுதியாக விரும்பியது வேறொரு நூல். ஆஷாபூர்ணா தேவியின் (1909–1995) ‘பிரதம் பிரதிஸ்ருதி’ 1964இல் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு இதற்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி இவரே. இதனை ‘முதல் சபதம்’ என்ற பெயரில் புவனா நடராஜன் தமிழாக்கி, சாகித்திய அக்காதெமியின் 2009ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். பெண்பிள்ளை எழுதப்படிக்கக் கற்றால் குடிக்கு ஆகாது என்றிருந்த காலத்தில், ஏன் என்று வாய்திறந்து கேட்ட சத்தியவதியின் கதை இது. தன் மகள் சுவர்ணலதாவை, தனக்குத் தெரியாமல் ஒன்பது வயதிலேயே மணமுடித்துவிட்டனர் என்றறிந்ததும், சத்தியவதி அழவில்லை, வாதாடவில்லை, வீட்டை விட்டு வெளியேறுகிறாள்.

ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடம் சென்றவரல்லர். வீட்டிற்குள் இருந்தே கற்று, வீட்டிற்குள் நடப்பதையே எழுதினார். சரத்சந்திரரின் பெண்கள் துன்பத்தைப் பொறுத்துப் பெருமையடைகின்றனர். ஆஷாபூர்ணாவின் பெண் பொறுத்தலையே பெருமை என்று ஏற்க மறுக்கிறாள். ஒரே அடுக்களை, ஒரே மீன்சட்டி, ஒரே மாமியார். ஆனால் எழுதும் கை வேறாகும்போது கதையே வேறாகிவிடுகிறது. இவ்விரண்டு ஆசிரியரையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு எல்லாக் குடும்பங்களுக்கும் பரிந்துரைப்போம்.

எதிர்த்திசையில் எவ்வளவு?

இனி, நம்மை உறுத்தும் ஒரு கேள்விக்கு வருவோம். வங்கத்திலிருந்து தமிழுக்கு இத்துணை நூல்கள் வந்துள்ளன. தமிழிலிருந்து வங்கத்திற்குச் சென்றவை எத்தனை? நளினிமோகன் சான்யால் 1939இல் திருக்குறளை வங்கமொழியில் தந்தார். சு. கிருஷ்ணமூர்த்தியும் இருதிசையிலும் உழைத்தவர். அக்காதெமியும் டிரஸ்டும் வெளியிட்டவை சில உள்ளன. ஆயினும் கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகளில் வங்க வாசகர் தாமாகத் தேடிக் கேட்கும் தமிழ் நாவல் ஒன்றைக் காட்டுதல் எளிதன்று. ‘உங்கள் மொழியில் நாங்கள் படிக்கத்தக்கது யாது?’ என்று அயலார் அன்போடு கேட்கும்போது, நாம் திருவள்ளுவர் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையைச் சொல்ல முடிகிறது; சென்ற நூற்றாண்டின் ஒரு நல்ல நாவலைக் கையில் கொடுக்க முடிவதில்லை.

மற்றொன்றும் உண்டு. தில்லித் தமிழர் வாழ்வுக்கு ஆதவனின் ‘காகித மலர்கள்’ இருக்கிறது. செகந்தராபாத் தமிழர் வாழ்வுக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இருக்கிறது. கொல்கத்தாத் தமிழர் என்றவுடன் அவ்வாறு எல்லார் நாவிலும் சட்டென்று வரும் ஒரு நாவலின் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து, சந்தைக்கு வங்கமும் வீட்டுக்குத் தமிழும் அலுவலகத்துக்கு ஆங்கிலமுமாக மூன்று நாவோடு பழகியவர் நாம். பிறர் கதையைச் சுவைத்துப் படித்தோம். நம் கதையை எவரும் படிக்குமாறு எழுதி வைத்தோமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வழி உண்டு. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவர். சரளமாகப் படிக்க அறியார். வங்கமோ பள்ளியில் கற்றுத் தேர்ந்தவர். அவர்களுக்குத் தமிழ் நூல் கொடுத்துப் படியென்று வற்புறுத்திப் பயனில்லை என்பதைப் பல வீடுகள் அறியும். ஆனால் மகள் ‘ஆரண்யக்’கை வங்கத்தில் படிக்க, தந்தை ‘வனவாசி’யைத் தமிழில் படிக்க, இரவு உணவின்போது இருவரும் தாதுரியாவைப் பற்றித் தமிழில் பேசுவதை நம் பகுதியில் சில வீடுகளில் காண்கிறோம். ஒரு சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க மகள் தந்தையின் நூலை வாங்கி எழுத்துக்கூட்டத் தொடங்குகிறாள். வற்புறுத்தல் செய்யாததை ஆவல் செய்கிறது. இவர்களுள் ஒருவரேனும் நாளை ஒரு தமிழ் நாவலை வங்கத்திற்குக் கொண்டு செல்வர் என்று எதிர்பார்த்தல் மிகையாகாது. இரு மொழியையும் இரு மண்ணையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர்களைவிட யாவர்?

நூல் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றின் ஒரு படி அலிப்பூர் பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அங்குள்ள தமிழ்ப் பகுதியில், பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ மூவாயிரம் நூல்களும் உள்ளன. டாக்குரியாவிலிருந்து அந்நூலகம் பேருந்துத் தொலைவுதான். தமிழறிஞர் ஒருவரின் நூல்களஞ்சியம் தாமிரபரணிக் கரையில் இல்லாமல் நம் வீட்டருகே வந்து தங்கியிருப்பது நமக்குக் கிடைத்த பேறு. பேறு என்று சொல்லி நின்றுவிடாமல், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு உறுப்பினர் அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கூறிய நூல்களில் ஏதேனும் ஒன்றை இவ்வாண்டில் எடுத்துப் படியுங்கள். படித்து முடித்ததும் அதனை அலமாரியில் வைக்காமல், அடுத்த வீட்டு வங்கக் குடும்பத்தாரிடம் அதன் அட்டையைக் காட்டிப் பெயரைச் சொல்லுங்கள். ‘எங்கள் தாராசங்கரர் தமிழிலா?’ என்று அவர்கள் கேட்கும் வியப்பிலிருந்து ஓர் உரையாடல் தொடங்கும். அவ்வுரையாடலில் அவர்கள் நம் நூலொன்றைக் கேட்கும் நாளும் வரும். அன்று கொடுப்பதற்கு வங்கமொழியில் ஒரு தமிழ் நாவல் நம் கையில் இருத்தல் வேண்டும். அதனை ஆக்கித் தரும் பொறுப்பு சென்னையில் உள்ளாரைவிட டாக்குரியாவில் உள்ளார்க்கே மிகுதி.